ஐந்தாம் வார்த்தையில் உட்கார்ந்தேன்

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி, தோல் தொழிற்சாலைக்காரர்கள் சுண்ணாம்புக் கழிவைக் கொட்டிக் கொட்டி மேடாகிப் போன இடத்தில் ஒரு ஜெப வீடு நிற்கிறதே, அதை நிறுத்தியவன் நான். அந்த மண்ணில் சுவர் நிற்காது, ஒரு மழைக்குத் தாங்காது என்றார்கள். நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. போய்ப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிரசங்க பீடம் நான் செய்வித்தது. தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம் ஒன்று பழசாகிப் பிரித்துப் போட்டபோது, அந்தப் பலகைகளைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து செய்வித்தேன். மழை நாளில் அதிலிருந்து லேசாகத் தோல் வாசனை கிளம்பும். வெளியூர்ப் பிரசங்கிகள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் ஜனங்கள் சுளிக்க மாட்டார்கள். அவர்கள் சோறு அந்த வாசனையில்தான் வெந்தது.

வாசலில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு நான் தொங்கவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு முள்ளை வெட்டிப் பாதை போட்டவன் நான். அதற்கு முன்னால் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி ஏறுவார்கள். ஷூ கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போவதற்கு முன்னால் பெண்களுக்கு விடியற்கால ஜெபம் ஆரம்பித்தவன் நான். இதையெல்லாம் செய்தவன் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன், தோல் தொழிற்சாலையில் ஈரத் தோல் தூக்கிக்கொண்டிருந்தவன். வேதத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் எனக்கு வாசிப்பே வந்தது. பிறகு சபை என்னை உபதேசியாராக்கியது. ஆக்காமல் இருந்திருந்தால் நஷ்டம் சபைக்குத்தான்.

புதிதாக உபதேசியார் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். பிரசங்கத்தை எப்படிப் பிரிப்பது, துக்க வீட்டில் எந்தப் பாட்டை எடுப்பது, இதையெல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதில் கை வைக்கவில்லை. களைப்பு வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறேன். உடம்புக் களைப்பு இல்லை. அது சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் போய்விடும். உள்ளே வருகிற களைப்பு. ஊழியம் செய்கிற எவனுக்கும் அது வரும். வராது என்கிறவன் இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

எனக்கு அது வந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கோடையில் போர் மோட்டாரைப் போட்டால் சத்தம் நன்றாக வரும். குழாய் அதிரும். தண்ணீர் மட்டும் வராது. வெளியே நிற்கிறவனுக்கு மோட்டார் ஓடுகிறது என்றுதான் தெரியும். நான் அப்படி ஓடினேன். குரல் குறையவில்லை. என் குரலுக்கு மைக்கே வேண்டாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஒரு நாள், வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவரின் வீட்டில் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அவருடைய மனைவி அழுதாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாய் மட்டும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றையிலிருந்து கவனித்தேன். எல்லா ஜெபத்திலும் மற்றவர்கள்தான் ஆமென் சொன்னார்கள். எனக்கு அது தொண்டையோடு நின்றது.

அதற்கு நான் என்ன மருந்து செய்தேன் தெரியுமா? வேலையைக் கூட்டினேன். உழைத்து முன்னுக்கு வந்தவனுக்கு வேறு மருந்து தெரியாது. தோல் தூக்கிய காலத்தில் முதுகு வலித்தால் இன்னும் ஒரு சுமை சேர்த்துத் தூக்குவேன், வலி மரத்துப் போகும். அதையே ஆவிக்கும் செய்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலம், லெந்து, வந்தது. மற்ற சபைகளில் வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் வைப்பார்கள். நான் தினமும் விடியற்காலையில் ஒன்று, சாயங்காலம் வீடு வீடாக ஒன்று என்று அறிவித்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டையும் விட்டேன்.

எங்கள் சபையில் எஸ்தர் என்று ஒருத்தி. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வரிசையில் வேலை. கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். லெந்தின் முதல் வாரத்திலேயே, இருட்டு கலையாத நேரத்தில் ஜெப வீட்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஐயா, நீங்களும் கம்பெனிக்காரங்க மாதிரி ஓவர்டைம் போட்டுட்டீங்க?"

"கர்த்தருக்குச் செய்யறதுல ஓவர்டைம் எது, ரெகுலர் எது?"

"கர்த்தர் கேட்டாரா, நீங்க கேக்கறீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"வாய் ஜாஸ்தியாப் போச்சு உனக்கு. உள்ள போய் முழங்கால் போடு."

"போடறேன். ஆனா எழுந்திருப்பேனான்னு தெரியல. அப்படியே தூங்கிட்டா எழுப்பாதீங்க, வேன்ல தூக்கிப் போட்டுடுங்க."

நான் அவளை அடங்காதவள் என்று நினைத்தேன். வீட்டிலும் இதே கதை. என் வீட்டம்மா ஞானம் ஒரு வார்த்தை பேசினால் அபூர்வம். அவளே ஒரு நாள் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "சாப்புடுங்க. முகத்தப் பாத்தா எனக்கே பயமா இருக்குது" என்றாள். நான் உபவாசம் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அதற்கு மேல் பேச மாட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லெந்தின் பாதியில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது சரியாகாது. ஜெப வீட்டுச் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். எங்கள் வட்டாரத்து உபதேசியார்களுக்கு மேலே அப்போது ஆயராக இருந்தவர் சத்துவாச்சாரியில் குடியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் எங்கிருந்தாலும் என்னைத் திட்டுவார். நான் போன நேரம் அவர் வீட்டின் பின்னால் தொட்டியடியில் லுங்கியைக் கட்டிக்கொண்டு படுக்கை விரிப்பு அலசிக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடுக்க வந்தேன் ஐயா."

"எந்தச் சாவி?"

"ஜெப வீட்டுச் சாவி. என்னால ஆகல. வேற ஆளப் போட்டுக்குங்க."

"உடம்பு சரியில்லயா?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்குது."

"சபையில சண்டையா?"

"என்கிட்ட யாரு சண்டை போடறது? உள்ள ஒண்ணுமே இல்லீங்க. ஜெபம் பண்றேன், காத்துதான் வருது."

அவர் தண்ணீர் சொட்டும் விரிப்பைத் தூக்கி, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "இதப் புடி." பிடித்தேன். அவர் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்கினேன். முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எப்ப ஒரு பிரசங்கத்த உக்காந்து கேட்ட?"

"நானா? நான் எதுக்குக் கேக்கணும்? நான் சொல்றவனாச்சே."

அவர் விரிப்பை உதறிக் கொடியில் போட்டார். "இப்ப வாங்க மாட்டேன். பெரிய வெள்ளி முடியட்டும். ஈஸ்டருக்கு மறுநாள் கொண்டா. அப்பவும் குடுத்தாகணும்னு இருந்தா, வாங்கிக்கறேன். வா, காப்பி சாப்புடு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மனசு உடைந்து வந்தவனைத் துணி பிழிய வைத்து அனுப்பிவிட்டாரே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கறுவினேன். ஆனால் ஒரு தீர்மானம் செய்தேன். போவதுதான் போகிறேன், தோற்றுப் போனவனாகப் போகக் கூடாது. பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தைகளையும் இதுவரை யாரும் சொல்லாத மாதிரி சொல்லிவிட்டு, பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். மற்ற சபைகளில் ஏழு பேரைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். எங்கள் ஜெப வீட்டில் கட்டிய நாளிலிருந்து ஏழையும் நான் ஒருவனே சொல்வேன். இந்தப் பக்கத்தில் வாணியம்பாடி முதல் குடியாத்தம் வரைக்கும் அதைச் செய்தவன் வேறு எவனும் இல்லை. இன்னொரு பழக்கமும் நானே கொண்டு வந்தேன். சபைக்குள் மூலையில் இருக்கும் தண்ணீர்ப் பானையை, ஆராதனை ஆரம்பிக்கும் முன் வெளியே வராண்டாவில் வைத்துத் தட்டுப் போட்டு மூடிவிடுவேன். முடிகிற வரைக்கும் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆண்டவருடைய தாகம் நமக்கும் தெரிய வேண்டும் என்பது என் சட்டம். எங்கள் ஜனங்கள் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். மேலே சிமெண்ட் ஷீட். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றி விநியோகம் செய்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் சாவி உறுத்தியது. நான் பீடத்தில் ஏறினேன்.

முதல் மூன்று வார்த்தைகளும் பிரமாதமாகப் போயின. நான்காவது, கைவிடப்பட்டதைப் பற்றியது. அதில் என்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெண்கள் விசும்பினார்கள். பாட்டு முடிந்தது. ஐந்தாவது வார்த்தை. தாகமாயிருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்னது.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

தொண்டை அடைக்கவில்லை. மறந்தும் போகவில்லை. அந்தப் பிரசங்கம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தேன், எடுத்துக் கொடுக்க ஒரு சொட்டு இல்லை. ஜனங்கள் முதலில் நான் வேண்டுமென்றே நிறுத்துகிறேன் என்று நினைத்தார்கள். நான் நிறுத்துவதில் பெயர் வாங்கியவன். கொஞ்ச நேரம் போனது. யாரோ சமாளிப்பதற்காக ஒரு பாட்டை எடுத்தார்கள். கூடப் பாட ஆள் சேராமல் அது பாதியில் நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும். பீடத்தின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் கட்டிய வீடு, நான் செய்த பீடம், நான் சேர்த்த ஜனம். அத்தனை பேர் முன்னாலும் என் மோட்டார் நின்றுவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்தாள். வராண்டாவுக்குப் போனாள். தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. டம்ளரை மொண்டுகொண்டு, பாய்களுக்கு நடுவே நேராக நடந்து வந்து, பீடத்துப் படியில் ஏறினாள்.

"குடிங்க ஐயா."

"ஆராதனை முடியட்டும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சி. குடிங்க."

குடித்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால் பானையில் கேன் தண்ணீர்தான் ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் இறங்கியது எனக்கு இப்போதும் தெரிகிறது. என் சட்டத்தை என் கண் முன்னால், என் வாயாலேயே உடைத்துவிட்டாள்.

"இப்ப போய் உக்காருங்க. மிச்சத்த நாங்க சொல்றோம்."

"எங்க உக்கார்றது?"

தம்பிகளே, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு செங்கல்லும் எனக்குத் தெரியும், நான் உட்காரும் இடம் தெரியவில்லை. நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் கன்னியப்பன் இருந்தார். என்னோடு தோல் தூக்கியவர், என்னால் ஆண்டவரை அறிந்தவர். அவர் கொஞ்சம் நகர்ந்து பாயைத் தட்டினார்.

"இங்க வா தோஸ்து. இடம் இருக்குது."

போய் உட்கார்ந்தேன். காலை எப்படி மடக்குவது என்றுகூடப் பிடிபடவில்லை.

எஸ்தர் பீடத்தில் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் கீழே நின்றாள். காலி டம்ளர் இன்னும் அவள் கையில் இருந்தது.

"எனக்குப் பிரசங்கம் தெரியாது. தாகம் தெரியும். நாங்க காலையில லைன்ல உக்காந்தா தண்ணி குடிக்கறது கம்மி. குடிச்சா பாத்ரூம் போகணும். போனா லைன் நிக்கும், சூப்பர்வைசர் ஒரு பார்வ பாப்பாரு. அதனால பாட்டில் பக்கத்துலயே இருக்கும், தொட மாட்டோம். வேன்ல வந்து எறங்கி, வீட்ல மொத டம்ளர் குடிப்பேன் பாருங்க, அதுதான் எனக்கு ஸ்தோத்திரம். தாகமா இருக்குதுன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்ல. சொன்னா கேவலம்னு நெனைக்கிறோம். ஆனா ஆண்டவரு சொன்னாரு. உலகத்துக்கே தண்ணி குடுக்கறவரு, எல்லார் முன்னாலயும் வாய் விட்டுச் சொன்னாரு. எதிர்ல நின்னவன் யாரு? ஆணி அடிச்ச பட்டாளத்தான். அவன் குடுத்ததக் கூட வாங்கிக்கினாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கர்த்தரே சொன்னாரு. நம்ம ஐயா மட்டும் சொல்ல மாட்டாரு."

பெரிய வெள்ளி ஆராதனையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்றைக்குச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான்.

எத்தனையோ பெரிய வெள்ளிகளில் அந்த வார்த்தையைச் சொல்லி, ஆண்டவருடைய தாகத்தைத் தணிக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஜனங்களைப் போட்டு உலுக்கியிருக்கிறேன். ஆண்டவர் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. காதில் விழ வேண்டுமானால் வாய் மூடியிருக்க வேண்டும்.

உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் காய்ந்த தோல் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதை அப்படியே எடுத்து மிருதுவாக்கும் மெஷினில் கொடுத்தால் வெடித்துப் போகும். அதனால் முதலில் ஈரம் காட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவோம். சும்மா கிடக்கும். மேலே பட்ட ஈரம் மெதுவாக உள்ளே இறங்கும். ஒரு தோலிலிருந்து பக்கத்துத் தோலுக்கும் இறங்கும். அந்த நேரத்தில் அதை யாராவது தொட்டால் நான் கத்துவேன். அதில் நான் கெட்டிக்காரன், என் அடுக்கில் ஒரு தோல் வெடித்ததில்லை. அந்தப் பாயில் ஒரு பக்கம் கன்னியப்பனின் தோள், மறுபக்கம் வேறொருவரின் தோள். வேர்வை ஒட்டியது. நான் அடுக்கில் கிடந்தேன். வருஷக்கணக்காகக் காய்ந்த தோலை மெஷினில் கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்று புரிந்தது.

ஆறாவது வார்த்தைக்கு யாரும் எழவில்லை. கன்னியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "எல்லாம் முடிஞ்சிதுன்னு ஆண்டவரு சொல்லிட்டாரு. அவரு முடிச்ச வேலைய நம்ம உபதேசியாரு மறுபடி மொதல்லேர்ந்து முடிக்கப் பாக்கறாரு. அதான் பேஜாரா இருக்குது அவருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்." என் தொடையில் ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஏழாவது, ஆண்டவர் தம் ஆவியைப் பிதாவின் கையில் ஒப்படைத்த வார்த்தை. பெண்கள் பக்கத்தில் யார் எழுந்தது தெரியுமா? ஞானம். என் வீட்டம்மா. அத்தனை வருஷமும் சபையில் பாட்டுக்குத் தவிர வாய் திறக்காதவள். எனக்கு வேர்வை நின்றுவிட்டது.

"எங்க வீட்ல ஒரு சாவி இருக்குது" என்றாள். "இடுப்ப விட்டு எறங்காது. அதக் குடுத்துடணும்னு ஒருத்தரு பஸ் ஏறிப் போய்ட்டு வந்தாரு. என்கிட்ட சொல்லல. பஸ் டிக்கெட்டு சட்டையில இருந்துது, முகத்துல மிச்சம் இருந்துது. குடுக்கட்டும், வேணாங்கல. ஆனா பேஜாராகித் தூக்கி எறியறது வேற, நம்பி ஒப்படைக்கறது வேற. ஆண்டவரு எறியல. அப்பான்னு கூப்புட்டுக் கையில குடுத்தாரு. கையில குடுத்தவருக்கு மூணாம் நாள் உயிரு திரும்பக் கெடச்சுது." கையைக் கூப்பினாள். "ஜெபிக்கலாம்" என்றாள்.

அவள் ஜெபித்தாள். நீளமான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, இவரு ரொம்பக் களைச்சிட்டாரு. நீங்க பாத்துக்குங்க." அவ்வளவுதான்.

ஆமென் என்றேன்.

சத்தமாக வந்துவிட்டது. என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. கஞ்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்த வார்த்தை என் உள்ளிருந்து வந்தது. நான் வரவழைக்கவில்லை.

ஆராதனை முடிந்து கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது எஸ்தர் பின்னாலிருந்து கேட்டாள்: "இன்னா ஐயா, மூணு வார்த்தை நாங்க பண்ணோம். எங்க ஓவர்டைம் எங்க?"

"நாளையிலேர்ந்து விடியற்கால ஜெபம் வாரத்துக்கு ஒரு நாள்தான்" என்றேன்.

"ஸ்தோத்திரம்!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு நான் பதறிப் போய் கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் சத்துவாச்சாரிக்குப் போனேன். ஆயர் வாசலிலேயே கையை நீட்டினார். "எங்க சாவி?"

"தர மாட்டேன்."

"ஏன்?"

"அது என்னுது இல்லயே, உங்ககிட்ட குடுக்கறதுக்கு. ஆண்டவர்கிட்ட குடுத்துட்டேன். அவரு திரும்ப என் இடுப்புல கட்டிட்டாரு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பிரசங்கம் எப்படி இருந்துது?"

"நாலு வார்த்தை நான் பிரமாதமா..."

"நீ பேசினதக் கேக்கல. நீ கேட்டதக் கேக்கறேன்."

எஸ்தர் சொன்னதை முழுக்கச் சொன்னேன். ஞானம் சொன்னதை இரண்டு தரம் சொன்னேன். அவர் காப்பியை ஆற்றிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு புத்தி சொல்லவில்லை. நல்ல ஆயர்.

பிறகும் எனக்குக் களைப்பு வந்தது. ஒரு தரம் வந்து நிரந்தரமாகப் போய்விடுகிற காய்ச்சல் இல்லை அது. ஆனால் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பீடத்தை விட்டு இறங்கிக் கடைசிப் பாய்க்குப் போய்விடுவேன். அந்த வாரம் எஸ்தர் பேசுவாள், இல்லாவிட்டால் வேறு யாராவது பேசுவார்கள். சில பேச்சுகள் சகிக்காது. அதையும் கேட்பேன். எனக்காக ஜெபியுங்கள் என்று வாய் விட்டுக் கேட்பேன். முதலில் கேட்டபோது நாக்கு கூசியது, பிறகு பழகிவிட்டது. ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. நல்ல மனசோடு அவிழ்த்து அடுத்தவர் கையில் கொடுத்தேன்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். ஜெபம் காய்ந்து போனால் பயப்படாதீர்கள். காய்ந்ததை மறைக்க இன்னொரு கூட்டம் போடாதீர்கள். ஜனங்களுக்குக் கொடுக்கிறவன் நான் என்று நினைத்துக்கொண்டே இருக்காதீர்கள். உங்கள் தண்ணீர் அவர்கள் பானையில் இருக்கலாம். அந்தப் பானையைத் தட்டுப் போட்டு மூடி வெளியே வைத்துவிடாதீர்கள். எங்கள் ஜெப வீட்டில் அந்த வருஷத்திலிருந்து பெரிய வெள்ளியன்றும் பானை உள்ளேயேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம், இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இப்போது இந்த வட்டாரத்துச் சபைகளில் பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தைகளையும் சபை ஜனங்களே சொல்கிறார்கள். தையல் வரிசைப் பெண்கள், டிரம் ஓட்டுகிறவர்கள், வீட்டம்மாக்கள். உபதேசியார் கீழே உட்கார்ந்து கேட்கிறார். நல்ல ஏற்பாடு. இந்த வருஷ நோட்டீஸ் என் கைக்கு வந்தது. ஏழு பேர் பெயரும் அழகாகப் போட்டிருக்கிறீர்கள். அதன் கீழே, இந்த ஏற்பாடு வாலிபர் சங்கத்தின் யோசனை என்று போட்டிருக்கிறீர்கள். நான் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உங்கள் வாலிபர் சங்கம் பிறக்கவே இல்லை. பேசியது எஸ்தர், கன்னியப்பன், ஞானம். அதை ஒப்புக்கொள்கிறேன், அவர்கள் பெயரையும் போடுங்கள். ஆனால் ஒருவன் உட்கார்ந்தால்தானே மற்றவர்கள் எழ முடியும்? இந்தத் தோல் ஊர்களில் பெரிய வெள்ளியன்று பீடத்தை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்த முதல் உபதேசியார் நான். எனக்கு முன்னால் எவனும் உட்காரவில்லை. அடுத்த வருஷ நோட்டீஸில், ஏழு பெயருக்கும் கீழே, "முதலில் உட்கார்ந்தவர்: உபதேசியார் ஆசீர்வாதம்" என்று ஒரு வரி வர வேண்டும். எழுத்து பொடியாக இருக்கக் கூடாது.

கடைசிப் பாயில் எனக்கு ஓர் இடம் வையுங்கள். தண்ணீர் கொண்டு வந்து நீட்ட ஆள் போட வேண்டாம். தாகம் எடுத்தால் நானே வாய் விட்டுக் கேட்பேன்.